கூரையில் நின்று கோடு பார்த்தவன்

போன சனிக்கிழமை காலை என் சகலன் குலம் விழுந்தான். நாங்கள் இரண்டு குடும்பமும் இருக்கிற மோர்னிங்சைட் மாடிக் கட்டிடத்தின் வாசலில், பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்த இடத்தில், என் கண் முன்னாலேயே. எழும்பியபோது வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இதில் ஒரு சிக்கல். எனக்கும் குலத்துக்கும் கோடையிலிருந்து பேச்சு இல்லை.

ஏன்? ரூஜ் பக்கத்துப் பார்க் ஒன்றில் எங்கள் ஊர்ச் சங்கப் பிக்னிக். வொலிபோல் இறுதி ஆட்டம். கடைசிப் புள்ளிக்கு நான் எகிறி அடித்த அடி... அதை இப்போதும் கனவில் அடித்துக்கொண்டிருக்கிறேன். கோடு பார்க்க நின்றவன் குலம். பந்து வெளியே என்று கொடியைத் தூக்கினான். நாங்கள் தோற்றோம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், இருபது வருடமாக மச்சான் மச்சான் என்று பழகியவன், சொல்கிறான் — வெளியே!

அதன் பிறகு நம்மவர்கள் கோபித்தால் எப்படியோ அப்படி. ஒரே லிஃப்டில் ஏறுவோம். இருவரும் மாடி இலக்கங்களை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நிற்போம். நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை இனி வாசிப்பதில்லை என்று அவன் சத்தியம் பண்ணியிருப்பதாகவும் மனைவிமார் வழியாகத் தகவல் வந்தது.

அந்த மனைவிமார் இருவரும் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள். என்ன செய்வது? காரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் முனகலைத் தவிர ஒரு சொல் இல்லை.

கூத்து எமர்ஜென்சியில்தான் தொடங்கியது. வலியில் குலத்தின் ஆங்கிலம் எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டது. டொக்டர் ஓர் இளம்பெண். நீங்கள் மொழிபெயர்க்கலாமா என்று என்னைக் கேட்டார்.

நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "ஏதும் மருந்து ஒத்துவாறேல்லையோ எண்டு டொக்டர் கேக்கிறா."

குலம் கூரையைப் பார்த்துச் சொன்னான். "அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு டொக்டருக்குச் சொல்லட்டாம்."

"கடைசியா எப்ப சாப்பிட்டதாம்?"

"ராத்திரி. விடிய வெறும் தேத்தண்ணி மட்டும் எண்டு சொல்லலாம்."

டொக்டர் சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், இரண்டிலும் ஒன்றும் இல்லை.

தோளை இழுத்து இடத்தில் போடவேண்டும், அதற்குக் கெற்றமின் என்ற மயக்க மருந்து கொடுக்கப் போகிறோம் என்றார். ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் குலத்தின் கண்கள் திறந்தபடியே நின்றன. கருவிழி இரண்டும் பக்கவாட்டில் ஆடின. என்னைப் பார்த்தான், ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. இவன் இப்படியே இருந்துவிட்டால்? மச்சாளுக்கு நான் என்ன சொல்வேன்? ஒரு பந்துக்காகவா இவனோடு இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்?

"குலம்..." என்றேன். கோடைக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வந்தது அப்போதுதான்.

"மச்சான்," என்றான், எங்கேயோ தூரத்திலிருந்து. "நான் மேலை நிக்கிறன். லைற்றுக்குப் பக்கத்தில. எல்லாம் வடிவாத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"கோடு. பந்து உள்ளை, மச்சான். நல்லா உள்ளை."

அதே நேரம் டொக்டர் இழுத்தார். களுக். தோளும் உள்ளே போனது.

நான் துள்ளிய துள்ளலில் நேர்ஸ் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். எனக்கும் ஊசி போட்டுவிட்டார்களோ என்று நினைக்கிற அளவுக்கு அந்தரத்தில் மிதந்தேன். டொக்டரிடம் கேட்டேன் — இந்த மருந்தில் ஆள் சொல்வது உண்மைதானே?

அவர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். மூளையின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன. சேதி கொண்டுவருவது குளுற்றமேற் என்ற ஒரு பொருள். அது வந்து தொட்டால் திறக்கிற கதவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்குப் பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி. கெற்றமின் கதவைப் பூட்டுவதில்லை. கதவு திறக்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, நடுவழியில் நின்றுகொள்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம்முடைய கலியாண வீடுகளில் மண்டப வாசலில் ஒரு அண்ணை நிற்பாரே? "எப்ப வந்தனீங்கள், பிள்ளையள் சுகமோ?" என்று ஒருவரின் கையைப் பிடித்தபடி. கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் ஒருவரும் உள்ளே போக முடியாது. மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்பதுகூட உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் குலத்தின் தோள் வலித்துப் போட்ட சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது. உடம்பின் சேதி சரியாக வராதபோது, மூளை தானே ஒரு கதை கட்டுகிறது. மிதக்கிறேன், மேலே நிற்கிறேன் என்கிறது.

"ஆகவே அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை," என்றார் டொக்டர். என் வெற்றிக் கோப்பை கையில் கிடைத்த சூட்டோடு பறிபோனது.

குலம் மெல்ல மெல்ல இறங்கி வந்தான். கண் என்னில் நிலைத்தது. "நீ சாப்பிட்டனியோ, மச்சான்?" என்றான்.

சுயநினைவோடு அவன் என்னோடு பேசிய முதல் சொல் அதுதான். அவனுக்கும் அப்போதுதான் எங்கள் கோபம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் கூரையைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவிலும் அந்தக் கலியாண வீட்டு அண்ணையைப் போல ஒருத்தன் கோடையிலிருந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறான், ஊசி மருந்து இல்லாமலே.

காரில் வரும்போது கேட்டான். "நான் அங்கை ஏதும் உளறினனானோ?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் ஆட்டத்தில் எனக்கு வெற்றி. ஆனால் கட்டிடம் வந்து சேர முதலே அடுத்த சண்டை தொடங்கிவிடும்.

"கனக்கக் கதைச்சனி," என்றேன். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

லிஃப்டில் அன்று இலக்கங்களை யாரும் பார்க்கவில்லை. கதைத்த கதையில் எங்கள் மாடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம்.

இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற சத்தியத்தைக் குலம் இன்னும் முறிக்கவில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒருவேளை முறித்துவிட்டால்...

மச்சான், பந்து உள்ளே.