கை என்றால் எதுவரை

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மகள் உயர்நிலை இரண்டில் படித்தாள். விசைப்பலகைதான் மொத்தக் கம்ப்யூட்டரும், அதற்குத் தனித் திரை கிடையாது. தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். தொலைக்காட்சி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, கம்பியோ ஒரு முழம். ஆகவே விசைப்பலகையும் மேலே ஏறியது. கொடியில் துணி போடுகிறவளைப் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் தட்டுவாள்.

சில மாதங்களில், "அம்மா, கை வலிக்குது" என்றாள்.

"தட்டுறப்ப மட்டும் வலிக்காதோ?" என்றார் என் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நான் காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பிவிடுவேன். அவளேதான் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போவாள். ஒரு நாள் அதுவும் முடியாமல் தலைவிரி கோலமாகப் போய் ஆசிரியையிடம் திட்டு வாங்கினாள். வலது கை மேலே போகவில்லையாம். நரம்பு ஏதாவது போய்விட்டதா? இனிக் கை விளங்காமலே போய்விடுமா?

எங்கள் பேட்டையிலிருந்த அரசு மருந்தகத்தில் டாக்டர் சீன இளைஞர். வெளியே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. எங்கே வலி என்றார்.

"ஹேண்ட் பெயின்" என்றேன்.

மகளைப் பார்த்தார். அவளும் "ஹேண்ட் பெயின், டாக்டர். கோயிங் அப் லா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அவள் ஆங்கிலப் பள்ளி. ஆனால் அவள் ஆங்கிலமும் எங்கள் வீட்டில் வளர்ந்ததுதான். அவர் உள்ளங்கையை அமுக்கினார், விரல்களை மடக்கச் சொன்னார், மணிக்கட்டைத் திருப்பினார். மாத்திரை தந்தார்.

மாத்திரை தீர்ந்தும் வலி தீரவில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு தைலம் வாங்கித் தேய்த்தோம். வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். மறுபடி மருந்தகம். அங்கிருந்து எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் உள்ளங்கையை மட்டும் தட்டில் விரித்து வைத்துப் படம் எடுத்தார்கள். ஏன் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, கையில் ஒன்றுமே இல்லை என்றார் மருந்தகத்து டாக்டர். பிறகு அவளிடம் திரும்பி, பரீட்சை வருகிறதா என்று சிரித்தபடி கேட்டார்.

மகள் முகம் சிவந்தது. "நான் நடிக்கலம்மா" என்றாள், என்னிடம் மட்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தலையில் நான் கட்டிவிட்டிருந்த ரிப்பனை அவிழ்த்து, "பின்னிக் காட்டு" என்றேன். இடது கை உச்சந்தலைக்குப் போனது. வலது கை காதருகே நின்றுவிட்டது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தோளை அழுத்தினார், பிள்ளை கத்திவிட்டாள். இது ஹேண்ட் இல்லையே, ஷோல்டர் அல்லவா, ஏன் ஹேண்ட் என்றீர்கள் என்றார்.

"எல்லாம் ஒரே கைதானே, டாக்டர்?" என்றேன்.

அவர்களுடைய ஹேண்ட் மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வேறு பெயர், வேறு படம், வேறு வரிசை. எங்கள் கை தோளிலிருந்து தொங்குவது. இதை அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தோள் இறுகியே போயிருக்கும் என்றார். அந்தச் சொல் இன்றும் என் வயிற்றில் கிடக்கிறது.

கம்ப்யூட்டரை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். அன்று மாலையே தொலைக்காட்சி தரைக்கு இறங்கியது. "இனிமே செய்திய படுத்துக்கிட்டுத்தான் பாக்கணும்" என்று முணுமுணுத்தபடி இறக்கிய என் கணவர், மகளைத் தூக்க விடவில்லை.

மருத்துவமனையில் தோளுக்குப் பயிற்சி சொல்லித் தந்தார்கள். கை நெற்றிக்கு வந்து, உச்சிக்கு ஏறிப் பின்னந்தலைக்குப் போக வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அவள் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டுவிட்டாள்.