பாலத்தடிக் கல்லுக்கு வந்த கதை

போன வருடம் ஆடி மாதம், பல்கலைக்கழக விடுமுறைக்கு இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் அம்மா ரொட்டிப் பொட்டலத்தை மறந்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினேன். மலைக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே ஒரு சின்னப் பாலம். அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பெண்கள் ஒவ்வொருவரும் பக்கத்துச் செடியில் ஒரு பிடி கொழுந்து கிள்ளிக் கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் முதல் விளைச்சலைச் சாமிக்கு வைக்கும் வழக்கம் உலகத்தில் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று அந்த வாரம்தான் வாசித்திருந்தேன். கொட்டும் மழையில் அப்படியே நின்றுவிட்டேன். சடங்குகளைப் பற்றி நான் எழுத வேண்டிய கட்டுரை இதோ, காலடியில் கிடக்கிறது!

எனக்கு எதுவும் உடனே வேண்டும். அடுத்த நாளே தேத்தண்ணீர் நேரத்தில் குறிப்பேட்டோடு போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

"ஏன் இந்தக் கல்லுக்குக் கொழுந்து வைக்கிறீங்க?"

"வைப்போம்."

"அதான் ஏன்?"

"வைக்கிறதுதான்."

அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இதப் படிக்கத்தான் இவ பஸ் ஏறிப் போறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சடங்கு இருந்தால் கதை இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்தவள் நான். அதனால் நானே ஆரம்பித்தேன். எங்கேயோ ஒரு நாட்டில் பாலம் ஒன்று இடிந்துகொண்டே இருந்ததாம், அது நிற்க வேண்டுமென்று ஒரு கைக்குழந்தைக்காரியைச் சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம் என்று வாசித்த கதையைச் சொன்னேன். "இங்கயும் அப்படி ஏதாவது இருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று வேறு தூண்டிவிட்டேன்.

ஒரு வாரம் போனது. கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் அத்தை ஒருவர், வாய் ஓயாதவர், என்னைக் கண்டதும் கை தட்டிக் கூப்பிட்டார். "எழுதிக்க. வெள்ளக்காரன் காலத்துல இந்தப் பாலம் மூணு தடவ இடிஞ்சிருக்கு. அப்புறந்தான் ஒரு புள்ளத்தாச்சிய உள்ள வச்சுக் கட்டியிருக்காங்க. அவதான் இந்தக் கல்லு."

குறிப்பேட்டைப் பிரித்தேன். இது நான் சொன்னதுதானே என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் வெள்ளைக்காரனை நான் சொல்லவில்லை, மூன்று தடவை என்று நான் சொல்லவில்லை, நான் சொன்னது கைக்குழந்தைக்காரி, இவர் சொல்வது பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு எழுதினேன். கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. தலைப்பிள்ளை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், அவர் பாலத்துக்கு வராமல் மேலே சுற்றிப் போய்க் கானைத் தாண்டப் பார்ப்பதைக் கண்டேன். முதுகில் நனைந்த கொழுந்துச் சாக்கு. ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டது. மறு கால் வழுக்கியது. சாக்கு அவரைப் பின்னுக்கு இழுத்தது. நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணியைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். கீழே கானில் கல்லும் தண்ணீரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு வாங்கினார்.

"பாலம் இருக்கும்போது ஏன்க்கா இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"அந்த வழியில நான் எப்புடி வாறது? புள்ளத்தாச்சியக் கண்டா அவ கூப்புடுவாளாமே. நீதானே எழுதிக்கிட்டு இருந்த, உனக்குத் தெரியாதா?"

அடுத்த நாள் கிளினிக்கில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். 

அன்று தேத்தண்ணீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தக் கதை என்னால் வந்தது, இங்கே அப்படி நடந்ததாக யாருக்கும் தெரியாது என்றேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடி போடி. முந்தாநேத்துதான் அவளுக்குக் குங்குமம் வச்சிட்டு வந்தேன். இப்ப வந்து அவ இல்லங்கிற!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கானைத் தாண்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் அவர் அந்த வழியால்தான் போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் சொன்ன கதையை ஒரு நிமிடத்தில் திரும்ப வாங்க முடியவில்லை.

அம்மா படங்கை உதறிக்கொண்டு எழுந்தார். "நீதானே கதைய விட்ட? நீயே அவளக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போ."

விடுமுறை முடியும்வரை தினமும் கூட்டிப் போனேன். முதல் நாள் பாலத்தின் நடுவில் அக்காவின் நகம் என் கையில் பதிந்தது. தாண்டியதும், வழக்கமான ஒரு பிடிக்கு மேல் இன்னொரு பிடி கிள்ளிக் கல்லில் வைத்தார்.

"இது யாருக்குக்கா?"

"அவளுக்குத்தான். இருந்தா எடுத்துக்கட்டும்."

ஐப்பசியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டுரையை நான் இன்னும் கொடுக்கவில்லை. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று புரிந்த பிறகு, பழைய பக்கங்கள் எதுவும் உதவவில்லை. முந்தாநாள், கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்த சின்னம்மா போனில் பேசும்போது, "எங்க தோட்டத்துப் பாலத்துலயும் ஒரு புள்ளத்தாச்சி இருக்காளாம்டி" என்றார். அது என் கதையா, அங்கே முன்பே இருந்ததா? தெரியவில்லை. இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வருகிற விடுமுறைக்கு அங்கேதான் போகிறேன். இந்த முறை குறிப்பேட்டைத் திறக்கும் முன்னால், அந்தத் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் எந்த வழியால் நடக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன்.