விருத்தாசலத்தில் பஷீர் வீடு வரை

பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை வேப்பூரிலிருந்து விருத்தாசலம் போய்வந்தேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் தட்டுகிறாள். செய்த தப்பை நேரில் போய்ச் சொல்ல வேண்டுமென்று நினைத்தே நாளைத் தள்ளுகிறவர்களுக்கு இது உதவலாம்.

நான் கிளம்பியது வேறு வேலையாக. வசந்தி என்றொரு பேராசிரியர். நல்லது கெட்டதை ஆராய்கிறவர்கள் ஒரு பக்கம், மனத்துக்குள் புதைந்திருப்பதைத் தோண்டுகிறவர்கள் மறுபக்கம் என்றால், இவர் நடுவில் நின்று இரண்டு பக்கத்தாரோடும் பேசுகிறவர். போன வருடம் பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களிடம், செய்த தவறுகளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார். என் பகுதியைப் புத்தகத்தில் சேர்க்குமுன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

காலை ஏழு பத்து பஸ். டிக்கெட் இருபது ரூபாய். எட்டு மணிக்கு அவர் தங்கியிருந்த லாட்ஜில் இருந்தேன்.

வாசித்தார். முப்பத்தொரு வருடம் முன்பு, ஒரு மதியம். சரக்கு வெந்த சூளை ஆறும்வரை அடைத்தே இருக்க வேண்டும். முன்பக்கம் என்னோடு வேலை பார்த்த பஷீர் காவல். பின்பக்கம் உள்ளே பார்க்கும் ஓட்டையை அடைத்த இரண்டு செங்கல், என் கை பட்டு விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

“நிறுத்துங்கம்மா. கை படலை. நான்தான் உருவினேன்.”

“போன தடவை அப்படித்தானே சொன்னீங்க?”

“பொய் சொன்னேங்க.”

நான் முதன்முதலாக நீலப் பூச்சு கொடுத்த மயில் பொம்மைகள் உள்ளே இருந்தன. நிறம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் பொறுக்க முடியவில்லை. குளிர்காற்று புகுந்து சரக்கு முழுக்க விரிசல். சரக்கு வெடிக்கும் சத்தம் கேட்டதும் செங்கலைத் திருப்பி வைத்துவிட்டேன். முதலாளி பஷீரைப் பிடித்துக்கொண்டார்: “நீ தூங்கிட்டே, எவனோ தொறந்திருக்கான்.” அன்றே அவனை அனுப்பிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை.

வசந்தி காகிதங்களை மடித்து வைத்தார். “இதை முதல்ல கேக்க வேண்டியது நான் இல்லைங்க.”

“சொல்லிட்டா என் மனசு லேசாயிடுமா?”

“தெரியாதுங்க. அதுக்காகப் போறதா இருந்தா போகாதீங்க. அவருக்காகன்னா, நானும் கூட வரேன்.”

பஷீர் வெளிநாட்டிலிருந்து திரும்பி ஜங்ஷன் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். “என்ன பெருசு, சட்டையெல்லாம் பளபளன்னு இருக்குது, பொண்ணு பாக்கவா?” என்றான் ஓட்டுநர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தி பஷீர் வீட்டுக்கு எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்தால் நான் பஷீருக்கு இல்லாமல் தனக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமாம்.

“என்னடா கோவிந்தா, உசுரோடதான் இருக்கியா?” என்று பஷீர் எழுந்து வந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

“அப்ப நான் தூங்கலையா?”

“இல்லடா.”

“சுத்தமா தூங்கலையா?”

“நீ முன்னாடி முழிச்சிட்டுதான் இருந்தே. நான் பின்னால வந்தேன்.”

பஷீர் சொன்னான்: “அவங்க சொல்லச் சொல்ல, ஒருவேளை கண்ணசந்துட்டமோன்னு நானே நம்பிட்டேன்டா. குவைத்துல பதினாலு வருஷம் வாட்ச்மேன் வேலை. சேர் குடுத்தாலும் உக்கார மாட்டேன். உக்காந்தா தூங்கிடுவேன்னு பயம்.” அவன் மனைவி ஜமீலா வாசலுக்கு வந்தார். “இன்னிக்கும் பஸ்ஸுல எடம் இருந்தாலும் நின்னுக்கிட்டேதாங்க வராரு,” என்றார்.

“இவகிட்டயும் சொல்லு,” என்றான் பஷீர். சொன்னேன். துபாயில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டான். “ஆரம்பத்துலேருந்து சொல்லுடா, பாவி.” மூன்றாம் முறையும் சொன்னேன்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும், டீக்கடைக்கு வந்து வசந்தியிடம் மட்டும், “நான் முழிச்சிட்டிருந்தேன்னு போடுங்கம்மா,” என்றான். இந்தப் பதிவையும் அவனுக்குப் போனில் வாசித்த பிறகுதான் போடுகிறோம்.

என் மனசு லேசாகவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது என் பாவத்துக்கு; அவன் சுமந்துகொண்டிருந்ததை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் போங்கள், கூட்டம் இருக்காது. பழம் வாங்கிப் போகாதீர்கள். பையைப் பார்த்தால் அவர்கள் உபசரித்தாக வேண்டும். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் குறித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எத்தனை முறை கேட்டாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.