பிளெக்ஸில் இல்லாத வரி

என் கணவருக்கு வீரப்பதக்கம் அறிவித்ததும் அவருடைய ஊரான வாடிப்பட்டியில் வரவேற்புக்கு ஏற்பாடு செய்தார்கள். பிளெக்ஸில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது, படித்தவர் நீங்கள் பார்த்துவிடுங்கள் என்று கொழுந்தன் என்னை அனுப்பினார். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் கடை. ஏழு மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். சீருடையில் அவர். பின்னால் ஒரு சிங்கம். கீழே சிவப்பு எழுத்தில், "தன் உயிரைத் துச்சமென மதித்து…"

பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

அவர் எல்லையில் இருந்தபோது எங்கள் மூத்த மகன் காய்ச்சலில் இறந்துபோனான். இரண்டு வயது. "மலைய விட்டு இறங்கட்டும், அப்புறமாச் சொல்லுவோம்" என்றார் மாமியார். பெற்றவருக்குத் தெரியாமல் எப்படி அடக்கம் செய்வது? நான்தான் பிடிவாதமாகப் போன் செய்தேன். பனியில் பாதை மூடியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. மூன்றாம் நாள் சண்டை. குண்டடிபட்டுக் கிடந்த இருவரை, ஒதுங்க ஒரு பாறைகூட இல்லாத வெளியில் இரண்டு முறை நிமிர்ந்தபடியே ஓடித் தூக்கி வந்தார். துணிச்சல் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். நான் போன் செய்யாமல் இருந்திருந்தால் அப்படி ஓடியிருப்பாரா என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

"அண்ணே, அந்த வரிய எடுத்துருங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"என்ன தங்கச்சி, அதுதான கெத்தே! வேணும்னா சிங்கத்த எடுக்குறேன்."

"சிங்கம் இருந்துட்டுப் போகட்டும். வரிய எடுங்க."

பஸ்ஸில் வரும்போதே மனம் மாறியது. அவருடைய பெருமையில் கை வைக்க நான் யார்? மகள் அழுதுகொண்டே வந்தாள். வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லலாம் என்று போனை எடுத்து, இரண்டு முறை பைக்குள் வைத்தேன். மூன்றாவது முறை எடுக்கத் தெம்பில்லை.

வரவேற்பன்று சரவெடி வெடித்தபோது அவர் சட்டென்று திரும்பி மகளின் காதுகளைப் பொத்தினார். கொழுந்தன் பிளெக்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"மெயின் வரியே காணோமே மதினி! கடைக்காரன் முழுங்கிட்டானா?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

கணவர் காதில் விழுந்துவிட்டது. எங்கள் வில்லாபுரம் வீட்டுக்கு வந்து, கழுத்து மாலையை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏன் எடுத்த?"

"அன்னைக்குத் திரும்பி வரணும்னு நெனச்சீங்களா?"

மகளின் விரல்களை நீவிக்கொடுத்தார்.

"இல்ல" என்றார். "எதையும் நெனைக்கல. நீ சொல்லாம இருந்திருந்தாலும் அவனுகளத் தூக்கப் போயிருப்பேன். குனிஞ்சு போயிருப்பேன், அம்புட்டுத்தான்."

கட்டிலில் உட்கார்ந்தேன். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"பாப்பா பொறந்ததுலருந்து ஹெல்மெட் வார எம்புட்டு இறுக்கிக் கட்டுறேன் தெரியுமா? தாடையெல்லாம் வலிக்குது."

"வலிச்சா வலிக்கட்டும். இன்னும் இறுக்குங்க" என்றேன்.