புறாவின் நெஞ்சில் விழுந்த பள்ளம்

மெரிபாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும் என்று அவள் கணவன் பெனிடிட்டோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை காலை, தீவின் தலைநகர் அபியாவை ஒட்டிய வைட்டெலேயில் இருந்த அவளுடைய மரப்பட்டறைக்குள் யார் நுழைந்திருந்தாலும் அந்தக் காதுகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள்.

கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷினின் மேசையில் கிடந்தது தேவாலயத்துப் பிரசங்க பீடத்தின் முகப்புப் பலகை. இஃபிலேலே மரம். தூக்க நாலு ஆள் வேண்டும். அந்த அகலத்தில் இன்னொரு பலகை அபியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நடுவில் ஒரு புறா சிறகை விரித்துப் பறக்க வேண்டும். சிறகுகள் அழகாகத்தான் வந்தன. கழுத்துக்கு வரும்போது செதுக்குகிற பிட் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. நெஞ்சுக்கு வந்ததும், யாரோ கிணறு வெட்டச் சொன்ன மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மெரிபா பாய்ந்து சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்துவதற்குள் புறாவின் நெஞ்சில் கட்டைவிரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

"ஐயோ, என் தெய்வமே! இதை எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இந்த மெஷினை அவள் ஆக்லாந்திலிருந்து கொண்டுவந்திருந்தாள். அங்கே சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலையில் தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு மெஷின் ஓட்டுகிற வேலைக்கு உயர்ந்தாள். பெனிடிட்டோவைச் சந்தித்ததும் அங்கேதான். இருவரும் ஊர் திரும்பியபோது கப்பலில் கன்டெய்னர் வருகிறது என்று கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்கள் துறைமுகத்தில் கூடிவிட்டார்கள். உள்ளே கார் இருக்கும், ஃபிரிட்ஜ் இருக்கும் என்று ஆளுக்கொரு கணக்கு. கதவைத் திறந்தால், பழைய மெஷின் ஒன்று. ஒரு அத்தை அங்கேயே அழுதுவிட்டாள். பெனிடிட்டோ பேருந்து ஓட்டப் போனான். மெரிபா கதவும் பெயர்ப்பலகையும் செதுக்கிக் குடும்பத்தை நிமிர்த்தினாள்.

அந்த நிமிர்ந்த குடும்பத்துக்குத் தலைவர் பெனிடிட்டோவின் அண்ணன். சேயுலி என்பது அவருடைய பட்டம். எல்லாரும் அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள். ஒரு காலத்தில் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தவர். தினமும் கோகோ குடித்து முடித்ததும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் பெயிண்ட் பிரஷுமாகப் பட்டறைக்கு வந்துவிடுவார்.

"இரும்புக்கு எண்ணெய் காட்டலேன்னா மூட்டு புடிச்சுக்கும்மா" என்பார்.

"இதுக்கு வேற மாதிரி மருந்து இருக்கு சேயுலி. எண்ணெய் பட்டா மரத்தூள் ஒட்டிக்கும். நீங்க சிரமப்படாதீங்க" என்று அவள் பலமுறை பணிவாகச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கென்ன சிரமம்?" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு முறை தடவுவார். குடும்பத் தலைவரின் கையிலிருந்து பிரஷை யார் பிடுங்குவது?

அன்று அவள் மெஷினின் மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிட்டை மேலும் கீழும் நகர்த்துகிற திருகுத் தண்டில் விரலை வைத்துப் பார்த்தாள். எண்ணெயும் தூளும் ஊறி, கரைத்து வைத்த மாவு போல விரலோடு வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து சேயுலி பாட்டிலோடு வாசலில் நின்றார். பின்னாலேயே, பலகை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போதகரம்மாவும் வந்திருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார் சேயுலி.

மெரிபா விரலை நீட்டிக் காட்டினாள். "இது மெஷினா, மீனா? தினம் எண்ணெய் ஊத்தி வறுக்குறீங்களே! எத்தனை வாட்டி சொன்னேன்? உங்க கப்பலாவது கடல்ல மிதந்துச்சு. இது மரத்தூள்ல மிதக்குது! பாருங்க, போதகரம்மாவோட புறாவைக் கொன்னுட்டீங்க!"

போதகரம்மா கூரையைப் பார்த்தார். சேயுலி எண்ணெய்ப் பாட்டிலை மெல்ல மேசையில் வைத்தார். பிரஷை அதன் பக்கத்தில் நேராக வைத்தார். வந்த வழியே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்த பெனிடிட்டோவுக்குச் செய்தி பேருந்திலேயே கிடைத்திருந்தது.

"அண்ணங்கிட்டயா பேசின? அதுவும் போதகரம்மா முன்னாடியா?"

"நான் பொய்யா சொன்னேன்? விரலைப் பாரு!"

"விரலை நான் பாக்குறேன். ஊரு உன் வாயைத்தான் பாக்கும்."

"அப்போ ஊரையே வந்து மெஷினைத் தொடைக்கச் சொல்லு!"

அவன் டாரோக் கிழங்கையும் டின் மீனையும் விழுங்கிவிட்டு நைசாக நழுவினான்.

அவள் வேலையில் இறங்கினாள். காற்றடித்து ஊதினால் தூள் இன்னும் உள்ளே போய் உட்காரும் என்பதால், வாக்குவம் கிளீனரால் மெல்ல இழுத்தாள். மெஷினின் தலை ஓடுகிற இரும்பு ரெயில்களைத் துணியால் துடைத்தாள். திருகுத் தண்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் பழைய பல் பிரஷால் சுரண்டினாள். துணி கறுத்தது, மூக்கு கறுத்தது, எண்ணெய் நாற்றம் தலைமுடியில் ஏறியது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அங்கே ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. "நீ ஒருத்திதான் பாக்கி" என்று அதையும் துரத்தினாள். கடைசியில் உலர்ந்த மசகுப் பொடியைத் தெளித்து மெஷினை ஓட்டிப் பார்த்தாள். முன்பு முனகி முனகி ஏறியது இப்போது வழுக்கிக்கொண்டு ஏறியது.

"பாத்தியா!" என்று காலி பட்டறையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு மாமரத் துண்டைப் பொருத்தி அதே புறாவை ஓடவிட்டாள். சிறகு நன்றாக வந்தது. கழுத்தும் நன்றாக வந்தது. நெஞ்சில், மறுபடியும் கிணறு.

மெரிபா முக்காலியில் உட்கார்ந்து மாமரத் துண்டை முறைத்தாள். அழுகை வரவில்லை, யாரையாவது கடிக்கலாம் போலிருந்தது. பிறகு ஆக்லாந்தில் மெஷின் பழுது பார்க்கும் ரஸ்ஸலுக்குப் போன் போட்டாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றான் ரஸ்ஸல்.

"ரஸ்ஸல், இன்னொரு தடவை அதைக் கேட்டா நான் பிளேன் ஏறி அங்க வருவேன்."

"சரி சரி, கோவிக்காதீங்க. பிட்டைப் புடிக்கிற காலெட்டை எப்போ கழட்டினீங்க?"

"அது எதுக்கு? நல்லா இறுக்கித்தான் வச்சிருக்கேன். நீள ஸ்பானர் போட்டு இறுக்கினேன்."

"இறுக்கினதைக் கேக்கல. கழட்டினதைக் கேட்டேன்."

அவள் திரும்பி மெஷினைப் பார்த்தாள்.

"ஒண்ணு பண்ணுங்க. பிட் நட்டுக்குள்ள நுழையுற எடத்துல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க. துண்டு மரத்துல ஓட்டுங்க. கோடு கீழ எறங்கினா பிட்டு வழுக்குதுன்னு அர்த்தம். மோட்டார் மேல தப்பு இல்ல."

கோடு போட்டாள், ஓட்டினாள். கோடு நட்டுக்கு வெளியே நன்றாக இறங்கி, அவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நின்றது.

நட்டைக் கழற்றியபோது உள்ளே காலெட்டின் பிளவுகளுக்குள் மரப்பிசினும் தூளும் சேர்ந்து கருகி, அடிப்பிடித்த சட்டியாக இறுகிக் கிடந்தன. பிட்டை இரும்பு பிடிக்கவில்லை, அந்தக் கரிதான் இத்தனை நாள் பிடித்திருந்தது. ஆக்லாந்தில் அவள் இதை வாராவாரம் கழற்றித் துடைத்தவள். இங்கே வந்தபின் வேலை குவிய, வழுக்குகிறது என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள், அவ்வளவுதான். இது சேயுலி தொட்ட இடமே இல்லை.

"அப்போ எண்ணெய்?" என்று போனில் கேட்டாள்.

"எண்ணெயும் தப்புதான். அந்தத் தண்டு இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு மாட்டியிருக்கும். ஆனா உங்க புறாவைக் கொன்னது காலெட்டு."

முழுக்கத் தன் தப்பாக இருந்திருந்தால் கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முழுக்க அவர் தப்பாக இருந்திருந்தால் இன்னும் நிம்மதி. இப்படிப் பாதியில் தொங்குவதுதான் எரிச்சலாக இருந்தது.

காலெட்டைத் தின்னரில் ஊறவைத்துப் பித்தளை பிரஷால் தேய்த்து, பளபளவென்று ஆன பிறகு மாட்டினாள். மாமரத் துண்டில் புறா முழுசாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை பெனிடிட்டோவையும் பேருந்தில் வந்த மூன்று பயணிகளையும் இழுத்துவந்து இஃபிலேலே பலகையைப் புரட்டிப் போட்டாள்.

"என் பஸ்ஸுல ஆளுங்க உக்காந்திருக்காங்க, மெரிபா!"

"இருக்கட்டும். அவங்களும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத்தானே வருவாங்க!"

மறுபக்கத்தில் புறாவைச் சற்று மேலே தள்ளி, ஆழத்தைக் குறைத்து ஓட்டினாள். வேலை முடிகிறவரை சிவப்புப் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. சாப்பிடவும் போகவில்லை. சாயங்காலம் கடைசித் தூளை ஊதியபோது புறா சிறகும் கழுத்தும் நெஞ்சுமாக முழுப் பறவையாக இருந்தது.

ஞாயிறன்று பிள்ளைகள் வெள்ளை உடுத்து வரிசையாக வந்து வசனம் சொன்னார்கள். பீடத்தைப் பார்த்த போதகரம்மா மெரிபாவின் கையைப் பிடித்து அமுக்கினார். முன்வரிசையில் இருந்த சேயுலி புறாவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மெரிபா இருந்த பக்கம் மட்டும் அவர் கழுத்து திரும்பவில்லை. வீட்டு விருந்திலும் அவள் வைத்த பலுசாமி என்ற தேங்காய்ப்பால் கீரைப் பொட்டலத்தைத் தொடாமல், பக்கத்து இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மெரிபா, ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க, ஒரு பெட்டி டின் மீனைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பாயில் அமர்ந்து தலையைக் குனிந்தாள்.

"நாலு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சேயுலி. பலகை கெட்டது உங்களால இல்ல. நான் சுத்தம் பண்ண வேண்டிய எடத்தை நானே விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் விசிறியைக் கீழே வைத்தார். "அப்போ என் எண்ணெய் நல்லதா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல. அது வேற தப்பு."

"அப்போ உன் தப்பு பாதி, என் தப்பு பாதி."

"அப்படித்தான் ரஸ்ஸலும் சொல்றான்."

சேயுலி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அட்டையைக் கிழித்து, டின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் இரண்டு குவியலாக அடுக்கினார். ஒன்றைத் தன் முழங்காலருகே ஒதுக்கிக்கொண்டார். மற்றதை அவளிடம் தள்ளினார்.

"பாதிக்கு மன்னிச்சுட்டேன். மீதியை எடுத்துட்டுப் போ."

"சேயுலி, குடுத்ததைத் திருப்பி எப்படி எடுத்துட்டுப் போறது? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"அது உன் பாடு" என்றார். அவர் மீசை லேசாக ஆடியது. சிரிப்பா, இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கிழிந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெயிலில் நடந்தாள். சாலை வளைவில் அடி அட்டை பிய்ந்து டின்கள் உருண்டு ஓடின. எதிரே வந்த பெனிடிட்டோவின் பேருந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன, அண்ணன் வேண்டாம்னுட்டாரா?" என்று அவன் கத்தினான்.

"பாதி வேண்டாம்னுட்டாரு!" என்று கத்திவிட்டு, பள்ளத்தில் உருண்ட ஒரு டின்னைத் துரத்திக்கொண்டு ஓடினாள் மெரிபா.