தேர்வு கேட்காத குரல்

1943 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிய கடிகாரம் அப்படிச் சொன்னது. சிரம்பான் வெயிலுக்கு இன்னும் ஏழரைதான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் திடலில், பிள்ளைகளின் வரிசைகளுக்கு முன்னால் நின்று, உடற்பயிற்சிக்கான ஜப்பானியக் கட்டளைகளை நான் உரக்கச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அந்தப் பள்ளியில் சேர, எல்லா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்துத் தேர்வு வைத்திருந்தார்கள். கத்தகானா எழுத்துகள், கணக்கு, ஒரு சிறு கட்டுரை. நான் முதலாவதாக வந்தேன். பக்கத்து லயத்து வீட்டுத் தோழி, நான் மாலைதோறும் மண்ணில் எழுதிக் காட்டிய எழுத்துகளின் துணையோடு, கடைசி ஆளாகத் தேறினாள். தேர்வில் முதலாவதாக வந்தவள் பயிற்சியையும் அப்படியே முடிப்பாள் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அப்பாவிடம் சொன்னார். ஆசிரியை ஆனவளின் வீட்டிலிருந்து, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். அந்த மதிப்பெண்ணை நாங்கள் நம்பியது அவனுக்காக. இதைத் தோழியிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், வயதுக்கு வந்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டால் அவள் வாய் திறப்பதில்லை. அப்பாவோ அண்ணனோ "இருக்கா" என்பார்கள். தோழிக்கு இருவரும் இல்லை. தன் பெயருக்குத் தானே கத்திப் பழகியவள். கேள்வித்தாளில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஜப்பானியப் பயிற்சியாளர் ஏதோ கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்லும் தமிழாசிரியர் தோழியின் பக்கம் திரும்பினார்.

"நீ இவ தோட்டம்தானே? இவ குரலே இவ்வளவுதானா?"

ஒரு தோட்டத்துக்கு ஒரே இடம் என்று முந்தின வாரம்தான் அறிவித்திருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் சார். பேப்பர்லதான் புலி. பிரட்டுல பேர் கூப்பிட்டாகூட அவுங்கப்பாதான் சத்தம் குடுப்பாரு."

பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். தோழியும் சிரித்தாள். இடம் அவளுக்குப் போனது; என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு நான் லோரிக்குப் போகும்போது கூடவே வந்தாள்.

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"எங்கண்ணன் விஷயம் உனக்குத் தெரியும்லா?"

அவள் என் பெட்டியை வாங்கி லோரியில் ஏற்றினாள். இலக்கியம் படிக்கும் இந்நாளில் சொற்களை எடை போடப் பழகியிருக்கிறேன். அன்று அவள் சொன்னவற்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால் அவளை மன்னிப்பது எளிதாகிவிடவில்லை.

மாலையில் வீடு போய்ச் சேர்ந்தேன். பெட்டியைப் பார்த்ததுமே அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, சி ரூசா கடற்கரையில் உப்புக் காய்ச்சும் உறவினரிடம் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை பிரட்டில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"அவரு இல்லை. கோலா கிளாவாங் பக்கம் போயிட்டாரு," என்றேன். மலைப்பக்கம், நேர் எதிர்த் திசை. கடைசி வரிசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, பேசக்கூட வருமா உனக்கு?" என்றார் மண்டோர்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் நானே குரல் கொடுத்தேன்.