ஏழாவது சீட்டில் போன சாப்பாடு

கோபால் அண்ணனை ஆப்பிரிக்கா வரை கூட்டிப்போய், ஒரு சிங்கத்தைக்கூடக் காட்டாமல் திருப்பிக் கூட்டி வந்தோம். இது மறதியில் நடந்ததல்ல. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, எங்கள் ஊர் செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் போட்ட திட்டம். அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மூன்று வருட ஆசை. தனியாகப் போனால் ஜீப் வாடகை கட்டுப்படியாகாது. காசிக்கும் கயாவுக்கும் ஆள் கூட்டிப்போகும் உள்ளூர்ப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் முதல்முறையாக ஆப்பிரிக்கப் பயணம் அறிவித்தார். பிப்ரவரியில் ஐந்து இரவுகள், ஆளுக்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஐந்து பேர் சேர்ந்தோம், அவரோடு ஆறு. என்னைத் தவிர எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

காசி டூரில் சமையல்காரர் கூடவே வருவது எங்கள் ஊர் வழக்கம். ரசமும் தயிர்சாதமும் இல்லாத புண்ணியம் எங்களுக்கு வேண்டாம். அதே வழக்கத்தை ஆப்பிரிக்காவுக்கும் நீட்டினார்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையைச் சேர்ந்த சமையல்காரர் கோபால் அண்ணன் அப்படித்தான் வந்தார். கென்யாவின் நுழைவு அனுமதிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய விண்ணப்பத்திலும் பயணத்தின் நோக்கம் 'சுற்றுலா' என்றுதான் இருந்தது. பூர்த்தி செய்தது நான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட எல்லாரும் ஒரே வேனில் சென்னை போனோம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டாக வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஊசி என்றதும் தயங்கிய கோபால் அண்ணனை, சிங்கத்தைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் ஏற்பாட்டாளர் சம்மதிக்க வைத்தார். திரும்பும் வழியில் அண்ணன் ஒரு மெமரி கார்டு வாங்கினார்.

"பொண்ணு ஒட்டகச்சிவிங்கி போட்டோ கேட்டிருக்கா தம்பி. கழுத்து முழுசா வரணுமாம்."

மும்பையில் விமானம் மாறி நைரோபி. அங்கிருந்து மாரா சுமார் 270 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். ஜீப்பில் ஏழு சீட். ஏழாவதில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அண்ணன். சரணாலய வாசலுக்கு வெளியே ஒரு சாதாரண கேம்ப், சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும். அண்ணன் நாலு மணிக்கே எழுந்து பொங்கலும், மதியத்துக்குப் புளிசாதமும் முடித்துவிட்டார். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப் பக்கம் வந்தார். ஏற்பாட்டாளர் ஹாட்பாக்ஸைத் தூக்கி ஏழாவது சீட்டில் வைத்தார்.

"கோபாலு, நைட்டுக்குச் சப்பாத்தி மாவு பெசஞ்சு வெச்சுடு."

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். பிறகு ஹாட்பாக்ஸ் மூடியைத் துண்டால் துடைத்து, ஜீப் கதவை அவரே சாத்தினார்.

ஒன்பது மணிக்குள் பதினொரு சிங்கங்கள் பார்த்தோம். மதியம் ஒரு மரத்தடியில் சாப்பிட்டபோது, கேம்ப்பில் விட்டு வந்தவருக்கு விலங்குகள் பிடிக்காதா என்று டிரைவர் ஜோசப் கேட்டார்.  எல்லார் வாயிலும் அவர் செய்த புளிசாதம் இருந்தது.

அண்ணனுக்கு ஏன் டிக்கெட் எடுக்கவில்லை என்று, மாடி அறையில் கணக்குப் போட்டபோது கேட்காத கேள்வியை அன்று சாயந்திரம் ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "அவரு வேலைக்கு வந்தவரு. கேட் டிக்கெட்டே ஒரு நாளைக்கு நூறு டாலர் ஜாஸ்தி ஆவும்" என்றார். நான் கட்டுகிறேன் என்றேன்.

"சரி கட்டுங்க. சாயந்திரம் வந்ததும் சாப்பாடு யாரு செய்வா?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பாவம், விடியற்காலையில் எழுந்தவர், பகலில் தூங்கட்டும் என்றார் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். அவ்வளவு கருணை. என் சீட்டில் அவர் போகட்டும் என்றேன். டிக்கெட் என் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, மாற்ற முடியாதாம். நான் என்ன செய்தேன்? அடுத்த இரண்டு நாளும் கோபத்தோடு ஜீப்பில் ஏறினேன். கோபத்தோடு சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனால் சிரித்தார். "விடுங்க தம்பி. இருவது வருஷமா பௌர்ணமிக்கு அன்னதானம் சமைக்கிறேன். ஊரே மலைய சுத்தும், நான் அண்டாவ சுத்துவேன். இங்கயும் அதேதான்."

நைரோபிக்குத் திரும்பும் வழியில், யாரும் கேட்காமலே ஜோசப் வண்டியை நிறுத்தினார். தூரத்தில் நாலு ஒட்டகச்சிவிங்கிகள். அண்ணன் மூட்டைகளை நகர்த்திப் போனை எடுப்பதற்குள், ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்று பின்னாலிருந்து குரல். வண்டி கிளம்பியது. ஓடும் வண்டியிலிருந்தே எடுத்த போட்டோவை எனக்குக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி, குக்கர் கைப்பிடி, எங்கேயோ ஒரு பழுப்புக் குச்சி.

நீங்களும் போகத் திட்டமிட்டால்: ஜூன் வரை நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு நூறு டாலர், ஜூலையிலிருந்து இருநூறு. நல்ல ஸ்வெட்டர் வேண்டும், காலையில் குளிர் வெட்டும். வெறும் சப்பாத்தியும் முட்டையும் கேம்ப்பிலேயே கிடைக்கும், மூன்று நாளில் யாரும் செத்துவிட மாட்டீர்கள். விளம்பரத்தில் 'வீட்டுச் சமையல்' என்று இருந்தால், சமைப்பவருக்கு உள்ளே போக டிக்கெட் உண்டா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் எனக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.

நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த மாரா பயணத்தை அறிவித்தார்கள். ஆகஸ்ட் மாதம், வீட்டுச் சமையல் உண்டு, அதே கோபால் அண்ணன். நான் ஒரு கேள்வி போட்டேன். எல்லாரும் படித்துவிட்டார்கள், நீலக் குறி தெரிகிறது. அதன் பிறகு ஒருவர், பெட்டி எத்தனை கிலோ கொண்டு வரலாம் என்று கேட்டார். அதற்கு ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

என் கேள்வியை இங்கேயும் போடுகிறேன். ஏழாவது சீட்டை இந்தத் தடவை கோபால் அண்ணனுக்குக் கொடுங்கள். கொடுப்பீர்களா, மாட்டீர்களா?